காரணிப்படுத்தாமற் காணும் பொதுக் காரணி

இரண்டு முழு எண்களின் பொதுக் காரணிகளுட் பெரியதைக் காண வேண்டுமாயின், முதலில் அவ்விரண்டையும் முதன்மை எண்களின் பெருக்கமாகப் பிரித்தே ஆக வேண்டும் என்னும் நம்பிக்கை, இலங்கையின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் ஏறக்குறைய கேள்விக்கு இடமற்றதாக வேரூன்றியுள்ளது. மாவனல்லை நகரப் பாடசாலையாயினும், யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையாயினும், மாலைநேரப் பிரத்தியேக வகுப்பாயினும், பொ.கா.பெ. என்ற சொல்லைக் கேட்டவுடன் மாணவரின் கை 2 ஆல் வகுபடுமா, 3 ஆல் வகுபடுமா, 5 ஆல் வகுபடுமா என்று தேடத் தொடங்கிவிடுகிறது. ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண் அதன் காரணி. இரு எண்களையும் மீதியின்றி வகுப்பது பொதுக் காரணி. அவற்றுள் மிகப் பெரியது பொ.கா.பெ. இந்த வரைவிலக்கணத்தில் முதன்மை எண் என்ற பேச்சே இல்லை என்பதையும், முதன்மைக் காரணிகளைத் தேடாமலே விடையை அடையும் வழி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உலகின் பல மூலைகளில் வழங்கிவருகிறது என்பதையும் மாணவருக்குச் சொல்லாமல் விடுவது கற்பித்தலின் பெருங்குறையாகும்.

இக்குறை வெளியே தெரியாமல் இருப்பதற்குக் காரணம் பயிற்சிகளில் வரும் எண்களே. 36, 48 ஆகிய எண்களைக் கொடுத்தால், பெருக்கல் வாய்பாடு தெரிந்த எந்த மாணவரும் 12 என்ற விடைக்கு எளிதில் வந்துவிடுவர். வழி நல்லதா அல்லதா என்று சோதிக்க அங்கு இடமில்லை. அதே மாணவரிடம் 323, 391 என்ற இரண்டையும் கொடுத்தால் நிலைமை மாறிவிடுகிறது. 2, 3, 5, 7, 11, 13 ஆகிய ஆறு முதன்மை எண்களும் இவற்றுள் ஒன்றையேனும் வகுப்பதில்லை. ஆறு முறை தோற்ற மாணவர், இவற்றுக்குப் பொதுக் காரணி 1 மட்டுமே என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போவதில் வியப்பில்லை. 323/391 என்ற பின்னமும் அத்துடன் சுருங்காத பின்னமாகிவிடுகிறது. உண்மையில் இரண்டும் 17 இன் மடங்குகள். பின்னம் 19/23 ஆகச் சுருங்கும். இத்தகைய இடத்தில் வகுப்பறை வழங்கும் தீர்ப்பு, பிள்ளைக்கு வாய்பாடு போதாது என்பதே. பிள்ளைக்குக் கொடுக்கப்பட்ட வழிதான் போதாது என்று எவரும் சொல்வதில்லை. இது மாணவருக்கு இழைக்கப்படும் அநீதி.

மாற்று வழி எளிமையானது. பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்து, வரும் மீதியால் அச்சிறிய எண்ணை வகுத்து, மறுபடியும் வரும் மீதியால் முந்திய மீதியை வகுத்து, மீதி இல்லாமற் போகும் வரை இவ்வாறே தொடர வேண்டும். கடைசியாக வகுத்த எண்ணே பொ.கா.பெ. 391 ஐ 323 ஆல் வகுக்க மீதி 68. 323 ஐ 68 ஆல் வகுக்க மீதி 51. 68 ஐ 51 ஆல் வகுக்க மீதி 17. 51 ஐ 17 ஆல் வகுக்க மீதி இல்லை. வகுத்து மீதி காண்பது மீண்டும் மீண்டும் கழிப்பதே ஆதலால், இம்முறை சரியாவதற்கான காரணமும் ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும்: இரண்டு எண்களை வகுக்கும் எந்த எண்ணும் அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்கும் என்பதாலும், சிறிய எண்ணையும் வித்தியாசத்தையும் வகுப்பது பெரிய எண்ணையும் வகுக்கும் என்பதாலும், ஒவ்வொரு படியிலும் எண்கள் சிறுத்தாலும் அவற்றின் பொதுக் காரணிகள் மாறுவதில்லை. முதன்மைக் காரணி முறைக்கு இவ்வளவு தெளிவான நியாயத்தை எத்தனை வகுப்பறைகள் சொல்கின்றன? 8633, 9167 ஆகியவற்றை எடுத்துக்கொண்டால், முதன்மை எண்களை வரிசையாகச் சோதிப்பவர் 23 தடவை தோற்று, 24 ஆவதாக 89 ஐ அடைய வேண்டும். ஒன்றையொன்று வகுப்பவர் 534, 89 என்ற மீதிகளைக் கண்டு மூன்றே வகுத்தல்களில் அதே 89 ஐ அடைந்துவிடுவார். படிகளின் எண்ணிக்கை சிறிய எண்ணின் இலக்கங்களின் எண்ணிக்கையைப் போல் ஐந்து மடங்கை ஒருபோதும் தாண்டாது என்பதைப் பிரான்சின் கபிரியேல் லாமே 1844 இல் நிறுவினார்.

முதன்மை எண்களே எண்கணிதத்தின் அத்திவாரம், ஆகையால் அவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது இந்நம்பிக்கையைக் காப்போரின் முதல் வாதம். வரலாறும் தருக்கமும் இதற்கு எதிராகவே நிற்கின்றன. யூக்கிளிட்டின் மூலகங்கள் என்ற நூலின் ஏழாம் புத்தகம் எண்கணிதத்தைத் தொடங்குவதே மாறிமாறிக் கழிக்கும் இம்முறையுடன்தான், பொ.கா.பெ. காண்பது அதன் இரண்டாவது தேற்றம். முதன்மை எண்ணொன்று ஒரு பெருக்கத்தை வகுக்குமாயின் பெருக்கப்பட்ட எண்களுள் ஒன்றையேனும் வகுக்கும் என்ற தேற்றம் முப்பதாவதாகவே வருகிறது. ஓர் எண்ணை முதன்மைக் காரணிகளாக ஒரே விதமாகத்தான் பிரிக்க முடியும் என்ற உண்மை, கவுஸ் 1801 இல் தெளிவாக எடுத்துரைத்து நிறுவிய உண்மை, அந்த முப்பதாவது தேற்றத்தின் மீது நிற்கிறது. அத்தேற்றத்துக்கு இன்றைய நூல்கள் வழக்கமாகத் தரும் நிறுவலோ ஒன்றையொன்று வகுக்கும் முறையிலிருந்தே பிறக்கிறது. ஆகவே பாடசாலை அத்திவாரத்தை மறைத்து, மேல்மாடியையே அத்திவாரம் என்று காட்டுகிறது.

இம்முறை அந்நியமானது, உயர்கல்விக்கு உரியது என்ற எண்ணம் இன்னும் வருந்தத்தக்கது, ஏனெனில் இலங்கைத் தமிழ் வீடுகளின் சுவரில் தொங்கும் வாக்கிய பஞ்சாங்கமே இதன் விளைச்சல். ஆரியபடர் 499 இல் இயற்றிய ஆரியபடீயத்தின் கணிதப் பகுதி, இரண்டு எண்களை மாறிமாறி வகுத்து வரும் ஈவுகளைக் கொண்டு சமன்பாடுகளைத் தீர்க்கும் முறையைச் சொல்கிறது. பொடியாக்குதல் என்ற பொருளில் அது பின்னர் குட்டகம் எனப்பட்டது. பஞ்சாங்கக் கணிதர் இதே மாறிமாறி வகுத்தலைச் சந்திரனின் ஓட்டத்துக்குப் பயன்படுத்தினர். சந்திரனின் வேகம் கூடிக் குறைந்து பழைய நிலைக்குத் திரும்பும் சுற்றுக்கு ஏறத்தாழ 27.55 நாள் ஆகிறது. இது முழு எண்ணாக இல்லாததால், எத்தனை நாளில் எத்தனை சுற்று ஏறக்குறைய முழுமையாக முடியும் என்ற கேள்வி எழுகிறது. நாள்களின் எண்ணையும் சுற்றுகளின் எண்ணையும் ஒன்றாலொன்று வகுத்துப் போகும்போது கிடைக்கும் ஈவுகள் அவ்விடையைத் தருகின்றன: 248 நாளில் 9 சுற்று, 3031 நாளில் 110 சுற்று, 12,372 நாளில் 449 சுற்று. அடுத்து வந்த ஈவு 4 ஆதலால், 3031 ஐ நான்கால் பெருக்கி 248 ஐக் கூட்டினால் 12,372 கிடைக்கும். 110 ஐ நான்கால் பெருக்கி 9 ஐக் கூட்டினால் 449 கிடைக்கும். வாசகர் தாமே போட்டுப் பார்க்கத்தக்க இக்கணக்கு, பொ.கா.பெ. காணும் முறையின் ஈவுகள் வீணாக எறியப்பட வேண்டியவை அல்ல என்பதைக் காட்டுகிறது. முதன்மைக் காரணி முறையிலிருந்து இத்தகைய எதுவும் கிடைப்பதில்லை. சென்னையில் 1825 இல் வெளிவந்த கால சங்கலிதம் என்ற நூலில், புதுச்சேரித் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் எழுத்தின் உதவியின்றிச் சோழிகளைத் தரையில் வைத்து அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜோன் வாரன் பதிவு செய்துள்ளார். 12,372, 3031, 248 ஆகிய இதே எண்கள் அந்தக் கணிப்பில் வரிசையாகக் கையாளப்பட்டன. கணிதருக்கு அவ்வெண்கள் பிறந்த விதம் தெரிந்திருக்கவில்லை. அவை மனப்பாடமாகவே கைமாறி வந்திருந்தன. நியாயத்தை விட்டுவிட்டு முடிவை மட்டும் கையளிக்கும் இன்றைய கற்பித்தலும் அந்த இழப்பையே தொடர்கிறது.

மாவனல்லையில் தமிழ்மொழியிற் கற்போருட் பெரும்பாலோர் முஸ்லிம் மாணவர். அவர்களுடைய அறிவு மரபும் இம்முறைக்கு நெருங்கியதே: ஒன்பதாம் நூற்றாண்டில் அல்மாஹானி, இரு விகிதங்கள் சமம் என்பதை மாறிமாறிக் கழிக்கையில் வரும் ஈவுகள் சமமாவதைக் கொண்டே வரையறுத்தார், உமர் கையாம் 1077 இல் யூக்கிளிட்டுக்கு எழுதிய விளக்கத்தில் அதே வழியை வளர்த்தார். சீனத்தின் ஒன்பது அத்தியாயங்கள் என்ற பழைய கணித நூல், 49/91 என்ற பின்னத்தை, சிறியதைப் பெரியதிலிருந்து மாறிமாறிக் கழித்தே 7/13 ஆகச் சுருக்குகிறது.

பெரிய எண்கள் நடைமுறை வாழ்வில் வருவதில்லை என்று சிலர் வாதிடுவர். ஒவ்வொரு கைத்தொலைபேசிக்குள்ளும் அவை வருகின்றன. வங்கிக் கணக்கையும் கடவுச்சொல்லையும் காக்கும் மறைகுறியீட்டு முறைகளுள் ஒன்றான ஆர்எஸ்ஏ, இரண்டு மிகப் பெரிய முதன்மை எண்களின் பெருக்கத்தை வெளியிட்டுவிட்டு, அவ்விரண்டையும் எவராலும் எளிதில் பிரித்தெடுக்க முடியாது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. 250 இலக்கமுள்ள அத்தகைய ஓர் எண் 2020 பெப்ரவரியில் பிரிக்கப்பட்டபோது, கணினிச் செயலியின் ஒற்றை உள்ளகம் 2,700 ஆண்டு இயங்குவதற்கு நிகரான உழைப்பு தேவைப்பட்டது. அதே அளவான இரண்டு எண்களின் பொ.கா.பெ. சாதாரணக் கணினியில் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் கிடைத்துவிடும். 2012 இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இணையத்திலிருந்து இத்தகைய எண்களை இலட்சக் கணக்கில் திரட்டி, அவற்றின் பொ.கா.பெ.க்களைக் கண்டு, கவனக்குறைவால் ஒரே முதன்மை எண்ணைப் பகிர்ந்த எண்களை உடைத்துக் காட்டின. காரணிப்படுத்தல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கேட்கும் இடத்தில் யூக்கிளிட்டின் வழி பூட்டைத் திறந்துவிட்டது. பொ.கா.பெ. காணக் காரணிப்படுத்தியே ஆக வேண்டும் என்று நம்பும் மாணவருக்கு இச்செய்தி புரியவே வாய்ப்பில்லை.

எஞ்சும் வாதம், இது பிள்ளைகளுக்குக் கடினம் என்பது. தமிழ்நாட்டுப் பாடநூல் இதனை யூக்ளிடின் வகுத்தல் வழிமுறை என்ற பெயரில் 10 ஆம் வகுப்பில் வைத்திருக்கிறது. அறவே இல்லாததைவிட அது மேலாயினும், அத்தனை காலம் காத்திருக்கத் தேவையில்லை. 391 அடி நீளமும் 323 அடி அகலமும் உள்ள இறப்பர் நிலமொன்றின் வரைபடத்தைத் தாளில் வெட்டி, முதலில் 323 அடிச் சதுரம் ஒன்றையும், மிஞ்சிய துண்டிலிருந்து 68 அடிச் சதுரங்கள் நான்கையும், பின்னர் 51 அடிச் சதுரம் ஒன்றையும், இறுதியில் 17 அடிச் சதுரங்கள் மூன்றையும் நீக்கினால் தாள் முழுவதும் தீர்ந்துவிடும். முன்னர் செய்த நான்கு வகுத்தல்களின் ஈவுகளாகிய 1, 4, 1, 3 என்பவையே இச்சதுரங்களின் எண்ணிக்கை என்பதைக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் கண்டுகொள்ளும். நிலம் முழுவதையும் சமமான சதுரங்களாகப் பிரிக்கும் மிகப் பெரிய சதுரத்தின் பக்கம் 17 அடி என்பதும் கண்முன்னே நிற்கும். பொது மடங்குகளுட் சிறியதற்கும் வேறு முறை வேண்டியதில்லை: 391 ஐ 17 ஆல் வகுத்த 23 ஐ 323 ஆல் பெருக்க 7429 வந்துவிடுகிறது. இதற்கு வேண்டியவை மீதியுடன் வகுக்கும் அறிவும் கழித்தலும் மட்டுமே ஆதலால், தரம் 6 இல் வகுத்தல் பாடம் முடிந்த மறுவாரமே இதனைக் கற்பிக்கலாம். முதன்மைக் காரணிகள் அதன் பின்னர், எண்களின் உள்ளமைப்பைக் காட்டும் தனிப் பாடமாக, அவசரமின்றி வரட்டும்.