பரணிலே கிடக்கும் பழைய துப்பாக்கி

நம் ஜில்லாவின் வடபாகத்தில், மலையடிவாரத்தை ஒட்டிய காரமடைப் பிரதேசத்துப் பண்ணை வீடுகளில், பாட்டனார் காலத்துத் துப்பாக்கி ஒன்று பரணிலோ பெட்டியிலோ கிடப்பதுண்டு. சென்ற மாசித் தேர்த் திருவிழாவுக்குச் சென்றிருந்தபோது, வாழையும் கறிவேப்பிலையும் பயிரிடும் நண்பர் ஒருவர் அத்தகைய பாயிண்ட் 22 ரைபிள் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஓய்வு நேரத்தில் தாமே அதைச் செப்பனிட்டு, தோட்டத்தில் இறங்கும் காட்டுப் பன்றிகளின் மேல் பரீட்சிக்கப் போவதாகவும் சொன்னார். அவருடைய ஆசையில் பாதி போற்றத்தக்கது, மறுபாதி விபரீதமானது. இதனைக் குடியானவர்களுக்கும் கிராம அலுவலர்களுக்கும் எடுத்துரைப்பது அவசியமென்று கருதுகிறேன்.

இவ்வகைத் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து நடுவில் இராமல், பின்புற விளிம்புக்குள்ளேயே அடங்கியிருக்கும். விசையை இழுத்ததும் ஊசி அவ்விளிம்பை நசுக்க, தோட்டா வெடிக்கிறது. 1887-ல் அமெரிக்காவில் தோன்றிய நீண்ட 22 தோட்டாவே இன்றளவும் உலகெங்கும் வழங்குகிறது. தோட்டா இன்றி விசையை இழுத்து விளையாடினால், ஊசி குழலின் பின்வாய் விளிம்பில் மோதி அதைச் சிதைத்துவிடக் கூடும். மேலும், முற்காலத்துத் தோட்டாக்களின் தீமருந்து குழலினுள் ஒருவித உப்பைப் படியவிட்டது. அவ்வுப்பு காற்றின் ஈரத்தை இழுத்து உட்புரிகளைத் துருவால் அரித்தது. ஆகவே வெளியே பளபளக்கும் துப்பாக்கி உள்ளே பழுதுற்றிருக்கலாம். அதைச் சோதித்தறிவது தேர்ந்தவன் வேலை.

சட்டமும் இதையே வற்புறுத்துகிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் மட்டுமன்று, அதைப் பழுதுபார்த்தலும் சுட்டுச் சோதித்தலும் குற்றமே. துருவை நீக்குவதாக எண்ணி உப்புத்தாளால் தேய்த்து, குழலிற் பொறித்த எண்ணை அழித்துவிட்டால் அதுவும் குற்றமாகும். தகப்பனார் பேரிலிருந்த லைசென்ஸ் மகனுக்குத் தானே வந்துவிடாது. உரிமதாரர் காலமான பின்னர், அல்லது அவர் 70 வயதை எட்டியபோது, அல்லது 25 ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தபோது, வாரிசு விண்ணப்பிக்க 2016-ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. அது முடியும்வரை துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெறுவதே முறை.

இனிப் பன்றி விஷயம். 22 தோட்டாவின் குண்டு வழக்கமாக 40 கிரெயின், அதாவது ஏறக்குறைய 2.6 கிராம் எடையே உள்ளது. நூறு கிலோவுக்கு மேலும் வளரும் பன்றியை அது கொல்வதைவிடக் காயப்படுத்துவதே அதிகம். காயம்பட்ட பன்றி புதரில் பதுங்கி, மறுநாள் தண்ணீர் பாய்ச்ச வருபவன் மேல் பாயும். குறி தப்பிய குண்டோ ஒன்றரை மைல் தூரம் வரை செல்லக்கூடியது. சட்டம் இயற்றியவர்களும் பயிர்க்காப்புக்கு மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையும், குறி பயில 22 ரைபிளையும் வேறு வேறாகவே கூறினர். வனவிலங்குச் சட்டப்படி அனுமதியின்றிப் பன்றியைக் கொல்வதும் குற்றமே.

குடியானவர் குறை பொய்யன்று. பத்து மாதம் வளர்த்த வாழை ஓரிரவில் சாய்வதைக் கண்டவருக்குச் சட்டம் மட்டும் ஆறுதல் ஆகாது. 2025 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்த ஏற்பாட்டில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடவேண்டும். 1 கிலோமீட்டருக்குள் சுடுதல் கூடாது. அதிகம் நஷ்டப்படும் அடிவாரத்துத் தோட்டக்காரருக்கே இதனாற் பிரயோஜனம் குறைவு. ஆகையால் பிடிக்கும் வேலையும் நஷ்டஈடும் தாமதமின்றி நடக்கும்படி அனைவரும் சேர்ந்து கேட்பது நியாயம். அதை விடுத்து ரகசியத் துப்பாக்கியையோ, யானைகளின் வாயைச் சிதைக்கும் அவுட்டுக்காயையோ நாடுவது நியாயமாகாது.

அப்படியானால் பழைய ரைபிளைக் குப்பையில் எறிவதா? வேண்டாம். முதலில் உரிமப் பத்திரம். பிறகு உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் சோதனை. அவர் தகுதியென்று சொன்னால் ரைபிள் கிளப்பில் குறி பயிலலாம். தகாதென்றால், முறைப்படி செயலிழக்கச் செய்து வைப்பதைப் பற்றி விசாரிக்கலாம். தோட்டா இல்லையென உறுதி செய்துகொண்டு, கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவதும் இரும்புக்கு மெல்லிய எண்ணெய்த் துணி போடுவதும் உரிமையாளரின் ஓய்வுநேர வேலையாக இருக்கட்டும்.

கிராம அலுவலர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய துப்பாக்கி இருப்பதாகத் தாமே வந்து சொல்லும் குடும்பத்தைக் குற்றவாளிபோல் நடத்தினால், அடுத்த வீட்டார் வாய் திறக்கமாட்டார். மனு எழுதவும் ஒப்படைக்கவும் வழிகாட்டுங்கள். பரணிலிருந்து ஒழுங்காக இறங்கும் ஒவ்வொரு துப்பாக்கியும், விளையாட்டாய் விசை தொடும் ஒரு பிள்ளையின் உயிரைக் காக்கக் கூடும்.