மட்டையில் ஒரு வீடு



2014ஆம் ஆண்டு, நான் சமூகவியல் படித்து முடித்து வேலைக்கு வந்த புதிது. வன்னியில் ஒரு கிராமத்தில் வீட்டுத்திட்டம் நடந்துகொண்டிருந்தது. அங்கே ஓர் அக்கா, கணவரை இழந்தவர். அவருடைய மகள் ஷெல் வீச்சில் காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவள். வீடு கட்டி முடித்துப் பால் காய்ச்சிய அன்றுதான் தெரிந்தது, மகளின் நாற்காலி மலசலகூடத்தினுள் போகாதென்று. கதவும் ஒடுக்கம், உள்ளே திருப்பவும் இடமில்லை.

"படத்திலை வெறும் கோடுதானே பிள்ளை கிடந்தது. எனக்கென்ன விளங்கினது? கையெழுத்து வைச்சன்" என்றார் அக்கா.

அந்தப் படத்தை அவருக்கு விளங்கப்படுத்தியவள் நான்தான். உண்மையில் எனக்கே அது விளங்கியிருக்கவில்லை. சுவரை உடைத்துத் திரும்பக் கட்டுவதற்கு அவர் காதுத்தோட்டை அடகு வைத்தார்.

அன்றிலிருந்து, வீடு கட்டப்போகும் எவரிடமும் நான் சொல்வது இதுதான்: அத்திவாரம் வெட்டுமுன் மட்டையில் ஒரு மாதிரி வீடு செய்து பாருங்கள். காசு கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை.

ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு வையுங்கள். 10 அடி அறை 5 அங்குலமாக வரும். பிள்ளையின் அடிமட்டம் போதும்.

சுவருக்குக் கடைகளில் எறியும் காட்போட் பெட்டி. இரண்டு மட்டைகளைச் சேர்த்து ஒட்டினால் ஏறத்தாழ கால் அங்குலம் வரும். அதுதான் 6 அங்குலக் கல்லுச்சுவர். ஒற்றைக் கடதாசியில் சுவர் வைத்தால் அறை உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிந்து நம்மை ஏமாற்றிவிடும். கதவுக்குப் பழைய கலியாணக் காட். கூரை மரத்துக்குத் தென்னோலை ஈர்க்கு. காட்போட்டின் மேல்தாளை ஈரத்துணியால் நனைத்து உரித்தால் உள்ளே நெளிநெளியாக வரும். அது கூரைத் தகரம். ஒட்டுவதற்குக் கோதுமை மாப் பசை. மெல்லியதாகப் பூசுங்கள், கூடினால் மட்டை வளையும். கூரையை மட்டும் ஒட்டாமல் விடுங்கள். தூக்கி உள்ளே பார்க்கவேண்டும்.

இனிப் புழங்கிப் பாருங்கள். 6 அடிக்கு 3 அடிக் கட்டில் என்றால், 3 அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலத்தில் ஒரு துண்டு வெட்டி வையுங்கள். சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 5 அடி வட்டம் வேண்டும். இரண்டரை அங்குல அகலத்தில் ஒரு வட்டம் வெட்டி மலசலகூடத்தினுள் வையுங்கள். சுவரில் முட்டினால் நாற்காலியும் முட்டும். சோளகக் காற்று வரும் தென்மேற்கில் குசினி இருந்தால், புகை வீட்டுக்குள்ளே வரும், அதையும் பாருங்கள்.

தூண், வளை, அத்திவாரத்தின் பலம் எல்லாம் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் வேலை. மட்டை வீடு அதைச் சொல்லாது. மாற்றம் வேண்டுமென்றால் கையெழுத்து வைக்குமுன் அவரிடம் கேளுங்கள்.

போன வருடம் ஓர் அம்மா தன் மட்டை வீட்டைச் சுளகில் வைத்துக் கொண்டுவந்து மேசனுக்குமுன் வைத்தார். "தம்பி, இந்தக் கதவு காணாது. நடக்கேலாத என்ரை மனுசன் நாற்காலியோடை போகவேணும்" என்றார். மேசன் வட்டத்தை எடுத்து உள்ளே வைத்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் நிலத்தில் அடித்திருந்த கட்டையைப் பிடுங்கி ஓர் அடி தள்ளி அடித்தார்.

மட்டையை வெட்டித் திரும்ப ஒட்டலாம், சகோதரிகளே. காதுத்தோடு அப்படித் திரும்பி வருவதில்லை.