ஆபரேஷன் முடிஞ்சுது… அப்புறம் யார் பார்க்கிறது?

தோழர்களே, கூச்சத்தைக் கொஞ்சம் ஓரம் வைச்சுட்டு இதைப் படிங்க. ஆண்களும்தான்.

எங்க பகுதியில ஒரு அக்கா. கூட்டம்னா முதல் ஆளா வந்து நாற்காலி போடுறவங்க. எட்டு மாசமா எந்தக் கூட்டத்துக்கும் வரலை. கோபம்னு நினைச்சோம். வீட்டுக்குப் போய்ப் பக்கத்துல உட்கார்ந்து கேட்ட பிறகுதான் சொன்னாங்க: "கர்ப்பப்பையை எடுத்ததிலிருந்து இருமினா, தும்மினா சேலை நனைஞ்சிடுது. ரெண்டு மணி நேரம் பஸ்ல எப்படிம்மா வர்றது?"

டாக்டர்கிட்ட சொன்னீங்களாக்கா? "இதையெல்லாம் போய் யார்கிட்ட சொல்றது? வயசானா அப்படித்தான்னு அம்மா சொன்னாங்க."

அந்த அக்காவுக்கு வயசு 44.

டிஸ்சார்ஜ் ஆகும்போது அவங்களுக்குச் சொன்னது மூணு விஷயம். மாத்திரையைத் தவறாம சாப்பிடுங்க, தையலை நனைக்காதீங்க, வெயிட் தூக்காதீங்க. மூணும் சரிதான். ஆனா நாலாவதா ஒண்ணு சொல்லியிருக்கணும். அதைத்தான் இங்கே பேசப் போறோம்.

நம்ம இடுப்பெலும்புக்குக் கீழே, முன்னாடி எலும்பிலிருந்து பின்னாடி வால் எலும்பு வரைக்கும், தூளி கட்டின மாதிரி தசைகள் இருக்கு. இடுப்புத் தள தசைகள்னு பேரு. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணையும் கீழே இருந்து தாங்குறது அதுதான். சிறுநீரையும் மலத்தையும் அடக்கி வைக்க உதவுறதும் அதுதான். பிள்ளைப்பேறு, வருஷக்கணக்கா பாரம் தூக்குறது, தீராத மலச்சிக்கல், நாள்பட்ட இருமல் எல்லாம் சேர்ந்து இந்தத் தூளியை ஏற்கெனவே தளர்த்தி வைச்சிருக்கும். அதுக்கு மேல கர்ப்பப்பையை எடுக்கும்போது, அதைப் பிடிச்சிருந்த இணைப்புகளையும் வெட்டித்தான் எடுக்கணும். அதனால சிலருக்குச் சிறுநீர் கசிவு, அடி இறங்குற உணர்வு, இடுப்பு வலி, தாம்பத்தியத்தில் வலி வருது. எல்லாருக்கும் வரும்னு இல்லை. வந்தவங்க வாயை மூடிக்கிட்டு இருக்காங்க என்பதுதான் பிரச்சினை.

இதுக்கு வைத்தியம் இருக்கு. பிசியோதெரபி. பெரிய மெஷின் தேவையில்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கெகல் இந்தத் தசைகளுக்கான பயிற்சியை 1948-லேயே எழுதி வைச்சுட்டார். அதனாலதான் இன்னைக்கும் கெகல் பயிற்சின்னு சொல்றாங்க.

சிறுநீரையும் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்குற மாதிரி உள்ளே இழுத்துப் பிடிக்கணும். 5 எண்ணுற வரைக்கும் பிடிச்சு, அதே அளவு நேரம் முழுசா தளர விடணும். ஒரு வேளைக்கு 10 தடவை, நாளைக்கு 3 வேளை. ஆரம்பத்தில் 2 எண்ணுற வரைக்கும்தான் முடியுதுன்னா அதுவே போதும். மூச்சை அடக்கக் கூடாது. வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. சிறுநீர் போகும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகவும் கூடாது. இருமல், தும்மல் வரும்போதும், எதையாவது தூக்கும்போதும் முதல்ல இந்தத் தசையை இறுக்கிட்டு அப்புறம் செய்யணும். பலன் தெரிய சுமார் 3 மாசம் ஆகும். பத்து நாள்ல விட்டுடாதீங்க.

ஆபரேஷன் ஆனவங்க இதை எப்போ ஆரம்பிக்கலாம்னு அவங்க டாக்டர்தான் சொல்லணும். இன்னொண்ணு, சிலருக்குத் தசை தளர்ந்திருக்காது, இறுகிப் போயிருக்கும். அவங்க இறுக்குற பயிற்சி செஞ்சா வலி கூடும். அவங்களுக்குத் தளர்த்தத்தான் கத்துக்கொடுக்கணும். அதனாலதான் யூடியூப் போதாது, பிசியோதெரபிஸ்ட் பார்க்கணும்னு சொல்றோம். காய்ச்சல், அதிக ரத்தப்போக்கு, துர்நாற்றம், கால் வீக்கம், நிற்காம சிறுநீர் ஒழுகுறது இருந்தா பயிற்சியைப் பத்தி யோசிக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

சரி, இதில் அரசியல் எங்கே வருதுன்னு கேட்கலாம்.

"ஆறு வாரம் ஓய்வு" என்று சீட்டில் எழுதுவது சுலபம். ஒரு குடம் தண்ணியே 15 கிலோ வரும். அதை யார் தூக்குவது? கூலி வேலைக்குப் போகிற பெண் ஆறு வாரம் வீட்டில் இருந்தால் அடுப்பு எப்படி எரியும்? கேரளத்தில் அரசு ஊழியரான பெண்ணுக்குக் கர்ப்பப்பை அகற்றினால் 45 நாள் விடுப்பு விதியிலேயே இருக்கிறது. களை எடுக்கிற, செங்கல் சுமக்கிற பெண்ணுக்கு எந்த விதி இருக்கிறது?

மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தை மறந்துவிடக் கூடாது. கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கர்ப்பப்பையை இழந்த செய்தி 2019-இல் நாட்டையே உலுக்கியது. வேலை நாள் போகக் கூடாது, கூலி பிடித்தம் ஆகக் கூடாது என்ற நெருக்கடியும் அதற்குக் காரணம். தேவையில்லாத கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் அமல்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டது. அது முக்கியம்தான். ஆனால் தேவைப்பட்டு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களின் மிச்ச வாழ்க்கையும் அதே அளவு முக்கியம்.

"டாக்டரே பத்தலை, இதுக்குத் தனி ஆளா?" என்று சிலர் கேட்பார்கள். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் பிசியோதெரபிஸ்ட்டுகள் வீட்டுக்கே போகிறார்கள். பாதை ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பாதையில் இந்தப் பெண்களின் வீட்டையும் சேர்க்கச் சொல்கிறோம்.

கேட்பது நாலுதான். ஒன்று, கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு டிஸ்சார்ஜ் சீட்டோடு பிசியோதெரபி சீட்டும் தர வேண்டும். இரண்டு, இதற்கென்று பயிற்சி பெற்ற பெண் பிசியோதெரபிஸ்ட் மாவட்டத் தலைமை மருத்துவமனை தோறும் வேண்டும். மூன்று, வீடு தேடி வரும் செவிலியர் "கசிவு இருக்கா?" என்று நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்காமல் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். நான்கு, அமைப்புசாராத் தொழிலாளிக்கு அந்த ஆறு வாரத்துக்கு உதவித்தொகை வேண்டும்.

இஎஸ்ஐ கார்டு வைச்சிருக்கிற சகோதரிகளுக்கு ஒரு தகவல். சந்தா நிபந்தனை பூர்த்தியாகி, மருத்துவச் சான்றும் இருந்தால், நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அது உங்க சந்தாப் பணம். கேட்டு வாங்குங்க.

கடைசியா ஆண் தோழர்களுக்கு. வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் ஆகியிருந்தா, குடத்தை நீங்க தூக்குங்க. அரிசி மூட்டையை நீங்க இறக்குங்க. ஆறு வாரம் முடிஞ்சதும் "எல்லாம் சரியாயிடுச்சுல்ல?"ன்னு கேட்காதீங்க. "ஏதாவது தொந்தரவு இருக்கா?"ன்னு கேளுங்க. ரெண்டும் ஒரே கேள்வி இல்லை.

அந்த அக்காவை அரசு மருத்துவமனை பிசியோதெரபி பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனோம். இப்போ மூணாவது மாசம். முழுசா சரியாகலை. ஆனா போன ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வந்தாங்க. நாற்காலியை நாங்க போட்டோம். அவங்க உட்கார்ந்தாங்க.

உங்க தெருவிலயும் இப்படி ஒரு அக்கா இருப்பாங்க. இதை அவங்களுக்கு அனுப்புங்க.