முஸ்தபாவும் மூணு டார்ச் செல்லும்

கோயம்புத்தூர்ல எங்க செட்டு பசங்கள்ல முஸ்தபா கேம் தெரியாதவன் ரொம்ப கம்மிங்க. மஞ்சத் தொப்பி போட்டுக்கிட்டு ஓடி வந்து ஒரு உதை விடுவானே, அவனேதான். கேமோட நிஜப் பேரு 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. 1993-ல ஜப்பான் கம்பெனி கேப்காம் வெளியிட்டது. அதுல வர்ற நாலு பேர்ல ஒருத்தன் முஸ்தபா கைரோ. நம்மூர்ல அவன் பேரே கேம் பேரா ஆயிப்போச்சு.

அந்த கேமோட ஒரிஜினல் போர்டுகள் உலகம் பூரா ஒவ்வொண்ணா செத்துப் போச்சு. காரணம் உள்ளே இருக்கற ஒரு சின்ன பேட்டரி.

விஷயம் இதுதான். நகல் எடுக்கறவங்களைத் தடுக்கணும்னு, போர்டு ஓடறதுக்கு வேண்டிய ரகசிய சாவியை பேட்டரி தயவுல இருக்கற மெமரியில கேப்காம் வெச்சாங்க. கரண்ட் இல்லாதப்ப அந்தச் சாவியைக் காப்பாத்தறது பேட்டரி. அது தீர்ந்தா சாவி அழிஞ்சிரும், கேம் ஒழுங்கா ஓடாது. இதுக்கு ஆர்வலர்கள் வெச்ச பேரே 'தற்கொலை பேட்டரி'. அதே 1993-ல வந்த சி.பி.எஸ்.-2 போர்டுலயும் இதே கூத்துதான்.

இதுல எனக்கு வயிறு எரியறது எங்கேன்னா, திருட்டு போர்டு போட்டவன் அந்தப் பூட்டை எடுத்துட்டுத்தான் வித்தான். அதனால அதுக்கு பேட்டரியே வேண்டாம். காசு குடுத்து ஒரிஜினல் வாங்கினவனுக்கு செத்த போர்டு, திருட்டு போர்டு வாங்கினவனுக்கு ஓடற போர்டு. என்ன நியாயம்ங்க இது?

கடைசியில வழி கண்டுபிடிச்சது ஆர்வலர்கள்தான். சி.பி.எஸ்.-2 பூட்டோட கணக்கை 2007-ல உடைச்சாங்க. 2016-ல எடுவார்டோ குரூஸும் கூட்டாளிகளும் செத்த போர்டுக்குள்ளயே சாவியை மறுபடி எழுதற வழியை வெளியே சொன்னாங்க. முஸ்தபா போர்டு வகைக்கும் அவரே அதுக்கு முன்னாடி வேலை பண்ணியிருந்தார்.

எல்லா போர்டும் இப்படி இல்லை. சிலதுல பேட்டரி காப்பாத்தறது ஹைஸ்கோரையும் செட்டிங்கையும் மட்டும்தான். அங்கே 6264 மாதிரி சாதா ராம் சிப் இருந்தா, அதை எடுத்துட்டு எஃப்.எம்.1608-ங்கற எஃப்-ராம் சிப்பைப் போடலாம். கால்கள் அப்படியே பொருந்தும், பேட்டரி வேண்டாம். ஆனா ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் எழுதும்போதும் போர்டு அந்த சிப்போட எனேபிள் காலை மேலயும் கீழயும் ஆட்டணும். நிரந்தரமா கீழே கட்டி வெச்ச போர்டுல வேலை செய்யாது. சர்க்யூட்டைப் பார்த்துட்டு சால்டரிங் அயனை எடுங்க. பழைய பேட்டரி ஒழுகி போர்டோட தாமிரத்தைத் தின்னுருந்தா, முதல்ல அதைச் சுத்தம் பண்ணுங்க.

"பழைய கேம்தானே, எமுலேட்டர்ல ஆடிக்கலாமே, இதுக்கு இவ்வளவு பேச்சா?"ன்னு கேட்பீங்க. கேம் ஆடிக்கலாம், சரி. நம்ம கணபதிக்கு வாங்க. இங்கே வீதிக்கு வீதி ஒர்க்ஷாப், அதுல பாதி பேர் செகண்ட் ஹேண்ட்ல வாங்கின சி.என்.சி. மெஷினை நம்பி ஜாப் ஒர்க் பண்றாங்க. பழைய ஃபானக் '0' சீரிஸ் கன்ட்ரோல்ல பாராமீட்டர், ஆஃப்செட், புரோகிராம் எல்லாமே பேட்டரி தயவுலதான் நிக்குது. பேட்டரின்னா வேற ஒண்ணுமில்லை, மூணு பெரிய டார்ச் செல். 4.5 வோல்ட். லட்சக்கணக்குல விலை போற மெஷினோட ஞாபகம் மூணு டார்ச் செல்லுல இருக்கு!

2020 லாக்டவுன்ல எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் மாசக்கணக்குல மெயினை ஆஃப் பண்ணி வெச்சிருந்தார். திரும்ப ஆன் பண்ணினா திரையில அலாரம், உள்ளே ஒண்ணுமில்லை. 900-ல ஆரம்பிக்கற பாராமீட்டர்கள்தான் அந்த மெஷினுக்கு என்னென்ன ஆப்ஷன் உண்டுன்னு சொல்றது. அந்தத் தாள் அவருக்கு மெஷினை வித்தவங்க குடுக்கவே இல்லை. கேட்டதுக்கு "அது கம்பெனி ரகசியம்"னாங்களாம். ஆர்டர் வெளியே போச்சு, ரெண்டு பசங்களுக்கு வேலையும் போச்சு.

கேம் போர்டோ லேத்தோ, காசு குடுத்து வாங்கினவன் கையில அதோட ஞாபகத்துக்கு ஒரு நகல் இருந்தே ஆகணும்ங்கறதுதான் என் கட்சி. ரகசியம்னு சொல்லிப் பூட்டி வெச்சவன் பத்து வருஷம் கழிச்சு போன் எடுக்க மாட்டான். செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்கினா, பெயிண்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி எலக்ட்ரிக்கல் பேனல் கதவைத் திறந்து பாராமீட்டர் தாள் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா விலை பேசாதீங்க.

ஒரு யோசனை சொல்றனுங்க. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைச்சு சந்தனம் குங்குமம் வெக்கறோம்ல? அன்னைக்கே மூணு செல்லையும் மாத்திடுங்க. பாராமீட்டரைக் காப்பி எடுத்து ஒண்ணு பேனல்லயும் ஒண்ணு வீட்லயும் வெச்சுக்குங்க. ஆகற காசு பூசணிக்காய் செலவோட போயிரும் :-)

பி.கு.: செல் மாத்தும்போது மெஷின் ஆன்ல இருக்கணும். ஆஃப் பண்ணிட்டு மாத்தினா, நீங்களே தற்கொலை பேட்டரி ஆயிருவீங்க.