கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குப் பிள்ளை வளருமா?

இறம்பொடைப் பக்கத் தோட்டங்களில் ‘புள்ளக்காம்பரா’ என்றால் எல்லாருக்கும் தெரியும். இப்போ அதற்குப் பெயர் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’. பெயர் மாறிடுச்சு, நேரம் மாறல. காலையில அம்மா வேலைக்குப் போகும்போது விடணும், கொழுந்து நிறுத்த பிறகு தூக்கணும். பிள்ளையின் பசியும் தூக்கமும் அந்தக் கணக்குக்குள்ள அடங்கணும்.

முன்பள்ளிக்குப் போனால் மூணு வயசிலேயே பென்சில். ‘ஏபிசிடி எழுதுதா?’ என்றுதான் நாமும் கேட்கிறோம். 1840இல் ஜெர்மனியில் ஃபுரோபல் ‘கிண்டர்கார்டன்’ என்று பெயர் வைத்தார். குழந்தைகளின் தோட்டம் என்று அர்த்தம். அங்கே விளையாட்டுதான் பாடம். பின்லாந்தில் ஏழு வயசில்தான் முதலாம் வகுப்பு. இங்கே ஐந்து வயசில் தரம் ஒன்று. அதுக்கு முன்னாடியே எழுதவும் தெரியணுமாம்!

‘விளையாட விட்டா பின்தங்கிடும்’ என்பார்கள். மண்ணை அளைந்து, கதை கேட்டு, ஓயாமல் கேள்வி கேட்கிற பிள்ளைக்குத்தான் பேச்சு வளரும், விரலுக்குப் பலம் வரும். எழுத்து அதுக்குப் பிறகு.

மலைக்குப் போகிற அம்மாவுக்குப் பிள்ளையை விட நம்பிக்கையான இடம் கட்டாயம் வேணும். ஆனால் பார்த்துக்கொள்வது மட்டும் வளர்ப்பு ஆகாது. ஆயாம்மாவுக்குப் பயிற்சியும் ஆசிரியருக்குரிய சம்பளமும் கொடுங்க. மழை விட்ட நேரம் கதவைத் திறந்து, பிள்ளைகளை முற்றத்தில் விடுங்க.