மறைவில் உள்ளதெல்லாம் சதியா?



விருத்தாசலத்திலிருந்தும் அதன் சுற்றுப் பங்குகளிலிருந்தும் நமக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி பல வடிவங்களில் எழுப்பப்படுகிறது. 'உலகத்தையே ஓர் இரகசியச் சங்கம் ஆட்டிப் படைக்கிறதாமே? முக்கோணத்துக்குள் கண் வரைந்திருப்பது அதன் முத்திரையாமே? போரும் கொள்ளைநோயும் அதன் ஏவலாமே? திருச்சபைக்குள்ளும் அது புகுந்துவிட்டதாமே?' என்று கேட்கின்றனர். பிள்ளைகளின் கைப்பேசிக்கு வந்து சேரும் படங்களும் செய்திகளும் பெற்றோரின் நெஞ்சிலும் அச்சத்தை விதைத்துவிட்டன.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இரகசியச் சங்கங்கள் உண்டா, அவற்றில் கத்தோலிக்கர் சேரலாமா என்பது ஒன்று. அவற்றைப் பற்றி உலவும் கதைகளெல்லாம் மெய்தானா என்பது மற்றொன்று. முன்னதற்குத் திருச்சபை தெளிவான விடை தந்திருக்கிறது. அந்த விடையையே சான்றாகக் கொண்டு பின்னதையும் நம்பிவிடுவதுதான் நம்மவர் பலர் செய்யும் பிழை.

இரகசியச் சங்கங்களுள் பெயர் பெற்றது பிரீமேசன் சங்கம். ஐரோப்பியக் கற்கொத்தர்களின் பழைய வழக்கங்களை ஒட்டி, அவர்களுடைய மூலைமட்டத்தையும் கவராயத்தையும் அடையாளமாகக் கொண்டு, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் அது உருப்பெற்றது. 1752-இலேயே சென்னையில் அதன் கிளை தோன்றிவிட்டது. பிற்காலத்தில் ஆர்க்காட்டு நவாபான உம்தத்-உல்-உம்ரா 1770-களில் அதில் சேர்ந்தார். கல்கத்தாவில் இளைஞராயிருந்த விவேகானந்தர் 1884-இல் சேர்ந்தார். மோதிலால் நேருவும் அதன் உறுப்பினரே. 1961 நவம்பர் 24 அன்று இந்தியாவுக்கெனத் தனிப் பெருஞ்சங்கமும் நிறுவப்பட்டது. சென்னை எழும்பூரில் அவர்களுடைய மண்டபத்தைச் சாலையில் போகிற எவரும் காணலாம். ஆனால் உள்ளே நடக்கும் சடங்குகள் வெளியாருக்குக் காட்டப்படுவதில்லை. அதனாலேயே வட இந்திய நகரங்களில் பாமர மக்கள் அவர்களுடைய கூடங்களை 'ஜாதூகர்', அதாவது மந்திர வீடு, என்று அழைத்தனர். கதவை அடைத்தால் கதை பிறக்கும்!

இச்சங்கத்தில் கத்தோலிக்கர் சேரலாகாது என்று 1738-இல் பாப்பரசர் 12-ஆம் கிளமெந்து விலக்கினார். நம் முன்னோர் சிங்கராயர் என்று அழைத்த பாப்பரசர் 13-ஆம் லியோ, 1884-இல் விரிவான சுற்றுமடல் ஒன்றின் வழியாக அந்தத் தடையை உறுதி செய்தார். 1983-இல் வெளிவந்த புதிய திருச்சபைச் சட்டத்தில் அச்சங்கத்தின் பெயர் இல்லாததைக் கண்டு, தடை நீங்கிற்று என்று சிலர் எண்ணினர். அதே ஆண்டு நவம்பர் 26 அன்று கர்தினால் ராட்சிங்கரின் கையொப்பத்துடன் வெளியான அறிக்கை, தடை நீங்கவில்லை என்றும், அதில் சேரும் விசுவாசிகள் கனமான பாவ நிலையில் இருப்பதால் நற்கருணை உட்கொள்ளலாகாது என்றும் கூறிற்று. 2023 நவம்பரில், பிலிப்பீன்சு நாட்டு ஆயர் ஒருவர் கேட்டதற்கு விடையாக, திருத்தந்தை பிரான்சிசின் ஒப்புதலோடு உரோமை மீண்டும் அதையே உரைத்தது.

இந்தத் தடைக்குக் காரணம் என்ன? எல்லாச் சமயங்களையும் ஒரே தட்டில் நிறுத்தி, பொதுவானதொரு கடவுட் கொள்கையே போதும் என்னும் நோக்கு, கிறிஸ்துவே மீட்பர் என்னும் நம் விசுவாசத்தோடு பொருந்தாது. 1983-ஆம் ஆண்டின் அறிக்கையும் கொள்கைகள் பொருந்தாமையையே காரணமாகச் சுட்டுகிறது. இவர்கள் உலகை மறைவில் ஆள்கிறார்கள், கொள்ளைநோயைப் பரப்புகிறார்கள் என்பன அதில் காரணங்களாகச் சொல்லப்படவில்லை. விசுவாசத்தைக் காக்கத் திருச்சபைக்கு வதந்தியின் துணை தேவையில்லை.

வதந்தியை நம்பினால் என்ன கேடு வரும் என்பதற்குக் கத்தோலிக்கரின் சொந்த வரலாற்றிலேயே கசப்பான பாடம் ஒன்று உண்டு. பிரான்சு நாட்டில் லியோ தக்சில் என்னும் புனைபெயரில், குருக்களையும் திருச்சபையையும் இழித்து எழுதிப் பிழைத்த ஒருவன் இருந்தான். 1885-இல் அவன் மனந்திரும்பியதாக அறிவித்தான். பிறகு பிரீமேசன்களின் 'இரகசியங்களை' வெளியிடுவதாகச் சொல்லி நூல்மேல் நூலாக எழுதிக் குவித்தான். அமெரிக்காவில் பேயை வழிபடும் உட்சங்கம் ஒன்று இருப்பதாகவும், டயானா வாகன் என்னும் மங்கை அதிலிருந்து தப்பி மனந்திரும்பியதாகவும் கதை வளர்ந்தது. அவன் கூட்டாளியோடு வெளியிட்ட நூலொன்றில், சிறகு முளைத்த முதலை வடிவில் பேய் தோன்றிப் பியானோ வாசித்ததாகக்கூட எழுதியிருந்தார்கள். அதையும் நம்பினார்கள்! 1887-இல் பாப்பரசரே அவனுக்குப் பேட்டி அளித்தார்.

லிசியே கார்மேல் மடத்தில் நோயுற்றிருந்த நம் சிறுமலர் தெரேசம்மாளும் இந்த டயானாவுக்காக மன்றாடினார். 1896-இல் அவளுடைய மனந்திரும்புதலைக் கருவாகக் கொண்டு மடத்துச் சகோதரிகளுக்கென ஒரு சிறு நாடகம் எழுதினார். அவளுக்குக் கடிதமும் எழுதினார். ஜோன் ஆர்க் வேடத்தில் தாம் எடுத்துக்கொண்ட நிழற்படமும் அவளுக்கு அனுப்பப்பட்டது.

ஐயம் கொண்டவர்கள் இல்லாமலில்லை. ஹெர்மன் குரூபர் என்னும் சேசு சபைக் குரு, இவையனைத்தும் புரட்டு என்று துணிந்து எழுதினார். 1897 ஏப்ரல் 19, பாஸ்குத் திங்களன்று, டயானாவை நேரில் காட்டுவதாகச் சொல்லிப் பாரிசு நகரின் மண்டபம் ஒன்றில் தக்சில் கூட்டம் கூட்டினான். டயானா வரவில்லை. அப்படியொரு மனந்திரும்பிய மங்கையே இல்லை என்றும், பன்னிரண்டு ஆண்டுகளாகக் கத்தோலிக்கரை ஏமாற்றி விளையாடியதாகவும் அவனே நகைத்துச் சொன்னான். அந்தக் கூட்டத்தில் திரையில் காட்டப்பட்ட படம் தெரேசம்மாளின் படமே. செய்தி மடத்தை எட்டியபோது, அவர் டயானாவின் பெயரால் தமக்கு வந்திருந்த கடிதத்தைக் கிழித்துத் தோட்டத்துக் குப்பையில் எறிந்தார். அதே செப்டம்பர் 30 அன்று இறைவனடி சேர்ந்தார். புனிதையையும் ஏமாற்ற முடிந்தது என்றால் நாம் எம்மாத்திரம்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைக் காண நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. விருத்தாசலத்துக்கு அண்மையில் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னையின் திருத்தலம் இருக்கிறது. சனவரித் திருவிழாவுக்கு நம் குடும்பங்கள் சாரிசாரியாகச் செல்கின்றன. தமிழ்ப் பெண்ணின் ஆடையணிந்த அன்னையை அங்கே நிறுவியவர் வீரமாமுனிவர். தேம்பாவணி பாடிய அவர் சேசு சபைத் துறவி. அந்தச் சேசு சபையைத்தான் ஐரோப்பா முழுவதும் 'இரகசியச் சதிக்கூட்டம்' என்று தூற்றினார்கள்!

1614-இல் போலந்து நாட்டின் கிராக்கோ நகரில் ஒரு நூல் வெளிவந்தது. பணக்கார விதவைகளின் சொத்தைக் கவர்வது எப்படி, மன்னர்களை வசப்படுத்துவது எப்படி என்று சபைத் தலைவர் தம் துறவிகளுக்கு மறைவாக அளித்த கட்டளைகள் எனச் சொல்லி அதை அச்சிட்டார்கள். சபையிலிருந்து விலக்கப்பட்ட ஒருவர் புனைந்த பொய் அது. பொய்யென்று கண்டிக்கப்பட்ட பின்னும் நூற்றாண்டுக் கணக்கில் திரும்பத் திரும்ப அச்சேறிற்று. சபைக்கு எதிராக மன்னர்களும் அமைச்சர்களும் கொண்டிருந்த அரசியல் பகைக்கு இத்தகைய பொய்கள் எண்ணெய் வார்த்தன. 1759-இல் போர்த்துக்கல் சேசு சபையாரை விரட்டிற்று. பிரான்சும் ஸ்பெயினும் அதைப் பின்பற்றின. 1773-இல் சபையே கலைக்கப்பட்டது. தமிழகத்தில் அவர்கள் வளர்த்த மந்தை மேய்ப்பர் குறைந்து தவித்தது. 1776-இல் புதுச்சேரிப் பணித்தளம் பாரிசு வேதபோதக சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1814-இல் சேசு சபை மீண்டும் உயிர்பெற்றது. ஆயினும் இழந்த நாற்பத்தோராண்டுகளை யார் திருப்பித் தரமுடியும்?

பொய் அதோடு நிற்கவில்லை. யூதப் பெரியோர் உலகை ஆளச் சதி செய்தார்கள் என்று 1903-இல் இரஷ்யாவில் ஒரு போலி ஆவணம் வெளியாயிற்று. பிரெஞ்சு அரசியல் நூலொன்றிலிருந்து திருடி எழுதப்பட்ட புனைவு அது என்று 1921-இல் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் மெய்ப்பித்துக் காட்டியது. ஆயினும் இட்லரின் கூட்டத்தார் அதைத் தம் பகைமைக்குக் கருவியாக்கிக்கொண்டனர். இறுதியில் ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர்.

அப்படியானால் சதி என்பதே கிடையாதா? உண்டு. வாஞ்சிநாதன் சேர்ந்திருந்த பாரதமாதா சங்கம் தமிழகத்தில் மெய்யாகவே இயங்கிய இரகசியச் சங்கம். 1911 சூன் 17 அன்று மணியாச்சி இரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டதற்கு அதுவே பின்னணி. ஆனால் அதற்கு நிகழ்ந்தது என்ன? புலனாய்வில் அது விரைவிலேயே வெளிப்பட்டது, வழக்கு நடந்தது, நீலகண்ட பிரம்மச்சாரி சிறை சென்றார். மெய்யான சதிக்குப் பெயர் உண்டு, நாள் உண்டு, இடம் உண்டு, சாட்சி உண்டு. கற்பனைச் சதிக்கோ இவை எவையுமில்லை. சான்று எங்கே என்று கேட்டால், சான்று இல்லாதிருப்பதே அவர்களுடைய சாமர்த்தியத்துக்குச் சான்று என்பார்கள்!

அந்த முக்கோணக் கண்ணையே எடுத்துக்கொள்வோம். மூவொரு இறைவனின் பராமரிப்பைக் குறிக்கக் கிறிஸ்தவ ஓவியர் பல நூற்றாண்டுகளாகத் தீட்டிவந்த அடையாளம் அது. பழைய கோவில்களின் பீடங்களிலும் அதைக் காணலாம். நம் வீட்டுப் பொருளையே கண்டு நாம் அஞ்சலாமா?

இவையெல்லாம் பழங்கதை, இதனால் நமக்கென்ன என்று யாரும் சொல்லவேண்டாம். 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே நிகழ்ந்ததை நாம் மறக்கலாகாது. பிள்ளை பிடிக்கும் கூட்டம் ஊர் ஊராகத் திரிகிறது என்று கைப்பேசிகளில் வதந்தி பரவிய நாட்கள் அவை. குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த ஒரு குடும்பத்தார், வழியில் கண்ட குழந்தைகளுக்கு அன்போடு மிட்டாய் கொடுத்தனர். ஊரார் திரண்டு அவர்களை அடித்தனர். முதியவளான ஒரு தாய் உயிரிழந்தாள். அடித்தவர்கள் கொடியவர்களாகப் பிறந்தவர்கள் அல்லர். தம் பிள்ளைகளைக் காப்பதாகவே எண்ணியவர்கள். அந்த வதந்தியைப் பிறருக்கு அனுப்பி வைத்தவர்கள் எத்தனை பேரோ! அவர்கள் கைகளில் இரத்தக்கறை படியவில்லை. ஆனால் மனச்சாட்சியில்?

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளரிடம் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. பொம்மையாயினும் பியூஸ் கேரியராயினும், அச்சில் வார்த்துச் சூளையில் சுட்டெடுத்த பின் மேற்பூச்சு பளபளவென்று மின்னும். ஆனால் பளபளப்பைக் கண்டு கைதேர்ந்தவர் ஏமாறமாட்டார். விரலால் தட்டிப் பார்ப்பார். கணீரென்று ஒலித்தால் நல்ல சரக்கு. ஒலி மந்தமாயிருந்தால் உள்ளே கீறல் இருக்கிறது என்று ஒதுக்கிவிடுவார். நம் வீட்டுக்கு வரும் செய்தியையும் அவ்வாறே தட்டிப் பார்ப்போம். சொன்னவர் யார்? எங்கே, எந்நாளில் நடந்தது? பொறுப்புள்ளவர் வேறு யாரேனும் அதை உறுதிப்படுத்தினரா? இதை நம்பினால் நான் யாரை வெறுக்க நேரும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஓர் இனமோ, ஒரு சாதியோ, ஒரு மதமோ விடையாக வருமானால், அதை மும்முறை தட்டிப் பார்ப்பது நம் கடமை.

பொய்ச்சாட்சியை விலக்கும் எட்டாம் கட்டளை நாவுக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று. செய்தியை அனுப்பும் விரலுக்கும் அதுவே சட்டம். தலைமைக் குருவின் முன் நின்ற நம் ஆண்டவர், தாம் மறைவாக எதையும் பேசவில்லை என்றும், உலகறிய வெளிப்படையாகவே போதித்ததாகவும் விடை பகர்ந்தார். அவருடைய சீடர்களாகிய நமக்கு இருட்டின்மேல் அச்சமும் வேண்டாம். இருட்டுக் கதைகளின்மேல் ஆசையும் வேண்டாம்.

இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும், பெற்றோர் தம் பிள்ளைகளை அருகில் அழைத்து, கைப்பேசியில் அவர்களை அச்சுறுத்தும் செய்தி எதுவென்று கேட்பார்களாக. கண்டித்து அடக்காமல் பொறுமையோடு கேட்டு, கூடியிருந்து அதைத் தட்டிப் பார்ப்பார்களாக. கோணான்குப்பத்துப் பெரியநாயகி அன்னை நம் இல்லங்களை அச்சத்தினின்றும் பொய்யினின்றும் காப்பாராக.