42 பேரில் 41 பேர்

அமெரிக்க நீதிமன்றங்களில் ஜூரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது அரசு வழக்கறிஞர்கள் நிறம் பார்ப்பதே இல்லை என்று தன் கட்டுரையின் ஒரு பத்தியில் எழுதுகிறார் ஒரு கட்டுரையாளர். கறுப்பின ஜூரிகள் தங்கள் இனத்தவர் பக்கமே சாய்வார்கள், காரணம் சொல்லாமல் சிலரை நீக்க வழக்கறிஞர்களுக்கு உள்ள உரிமையைக் கொண்டு அவர்களை நீக்குவதில் என்ன தவறு என்று அடுத்த பத்தியில் கேட்கிறார். முதலில் சொன்னது உண்மையானால் இரண்டாவதற்கு வேலையே இல்லை.

வெள்ளையர்களை எதிர்த்தரப்பும் நீக்குகிறதே என்று ஒரு கேள்வி வேறு. எதிர்த்தரப்பு இனம் பார்த்து நீக்குவதையும் 1992-லேயே உச்ச நீதிமன்றம் தடைசெய்துவிட்டது. எழுதுமுன் படித்திருக்கலாம்.

அவர் பெரிதும் நம்புவது, அரசு வழக்கறிஞர்கள் இனம் பார்த்து ஜூரிகளை நீக்குவதைத் தடைசெய்து 1986-இல் வந்த பேட்சன் தீர்ப்பை. பிரச்சினை அதோடு தீர்ந்ததாம். அந்தத் தீர்ப்பு கேட்டதெல்லாம், ஆட்சேபம் எழுந்தால் இனம் சாராத ஏதாவது ஒரு காரணம் சொல்லுங்கள் என்பதுதான். காரணம் சொல்லத் தெரியாத வக்கீல் உண்டா? அடுத்த ஆண்டே ஜார்ஜியாவில் ஃபாஸ்டர் என்பவரின் வழக்கில் கறுப்பின ஜூரிகளை நீக்க அரசு வழக்கறிஞர்கள் விதவிதமாகக் காரணம் சொன்னார்கள், நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்டன. பல ஆண்டுகள் கழித்து அரசுத் தரப்பின் கோப்பு வெளியே வந்தபோது, கறுப்பினத்தவர் பெயர்கள் மட்டும் பச்சை நிறத்தில் குறிக்கப்பட்டிருந்தன. உச்ச நீதிமன்றம் தலையிட்டது 2016-இல்.

மிசிசிப்பியில் கறுப்பினத்தவரான கர்டிஸ் ஃபிளவர்ஸ் மீது நடந்த வழக்கைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. வினோனா நகரில் 1996-இல் நடந்த நான்கு கொலைகளுக்காக அவரை ஒரே அரசு வழக்கறிஞர், டக் எவன்ஸ், ஆறு முறை விசாரணைக்கு இழுத்தார். கணக்குக் கிடைத்த விசாரணைகளில், நீக்கியிருக்கக்கூடிய 42 கறுப்பினத்தவரில் 41 பேரை அரசுத் தரப்பு நீக்கியது. ஆறாவது விசாரணையில் நீக்கப்பட்ட ஐந்து கறுப்பினத்தவரிடம் 145 கேள்விகள். ஜூரியாக அமர்ந்த 11 வெள்ளையரிடம் எல்லாமாகச் சேர்த்து 12. இப்படித் துருவித் துருவிக் கேட்டால் யாரிடமும் ஒரு காரணம் கிடைத்துவிடும். பேட்சன் கேட்ட காரணம் தயாராவது இப்படித்தான்.

2019-இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் ஆறாவது விசாரணையின் தண்டனையை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் டிரம்ப் நியமித்த நீதிபதி கவனாக். இதை இடதுசாரிகளின் கூச்சல் என்பாரா கட்டுரையாளர்?

"சாய்வார்கள்" என்ற வாதத்துக்கும் இதே வழக்கில் பதில் இருக்கிறது. நான்காவது விசாரணையில், நீக்கும் வாய்ப்புகள் அத்தனையும் தீர்ந்துபோனதால் ஐந்து கறுப்பினத்தவர் ஜூரியில் இடம்பெற்றார்கள். ஐந்தாவதில் மூன்று பேர். இரண்டு முறையும் ஒருமித்த தீர்ப்பு வரவில்லை. கறுப்பினத்தவர் ஒருவர் மட்டும் இருந்த, அல்லது ஒருவரும் இல்லாத மற்ற நான்கு முறையும் மரண தண்டனை. பார்த்தீர்களா, நான் சொன்னதுதானே என்று துள்ள வேண்டாம். அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி தான் சொன்னது பொய் என்று பின்னர் ஒப்புக்கொண்டார். 2020 செப்டம்பரில் மாநில அரசே குற்றச்சாட்டுகளைக் கைவிட்டது. அதற்குள் ஃபிளவர்ஸின் வாழ்க்கையில் 20 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் போய்விட்டது. மரண தண்டனை விதித்த அந்த நான்கு ஜூரிக் குழுக்களில் எதை நடுநிலையானது என்கிறார் கட்டுரையாளர்?

காரணம் சொல்லாமல் நீக்கும் உரிமை போனால் விசாரணை முறையே குலைந்துவிடும் என்றும் பயமுறுத்துகிறார். இங்கிலாந்து 1988-இல் அதைச் சட்டப்படி ஒழித்தது. கனடா 2019-இல். அமெரிக்காவிலேயே அரிசோனா 2022 ஜனவரி முதல். மூன்று இடங்களிலும் ஜூரி விசாரணை இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.